முதல் ரைபிள்: .22 ரிம்ஃபயரா, .177 ஏர் ரைபிளா?

கடலூர், பாண்டி பக்கம் டார்கெட் ஷூட்டிங் ஆரம்பிக்கிற பசங்க நிறைய பேர் இதுலதான் குழம்புறாங்க. .22-ன்னா மருந்து நிரப்பின தோட்டா போட்டு சுடுற ரைபிள்; .177-ன்னா (4.5 மி.மீ.) காத்தழுத்தத்துல பெல்லட்ங்கற சின்னக் குண்டைத் தள்ளுற ஏர் ரைபிள்.

லைசென்ஸ்: .22-க்கு கண்டிப்பா வேணும், கலெக்டர் ஆபீஸ், போலீஸ் விசாரணைன்னு நடையா நடக்கணும். 4.5 மி.மீ. ஏர் ரைபிளோட சுடுற சக்தி 20 ஜூலுக்கு உள்ள இருந்தா லைசென்ஸே வேணாம்.

செலவு: .22 தோட்டா ஒவ்வொண்ணும் காசு, ரிம்ஃபயர்ங்கறதால (பத்தவைக்கிற மருந்து கேஸோட அடி விளிம்புக்குள்ளயே இருக்கும்) காலி கேஸ்ல திரும்ப மருந்து போட்டு ஓட்டவும் முடியாது. பெல்லட் டப்பா விலை கம்மி, ஆசை தீர சுடலாம்.

இடம்: இதுதான் முக்கியம். ஏர் ரைபிளுக்கு 10 மீட்டர் போதும், பின்னாடி நல்ல தடுப்பு வெச்சா வீட்டு ஹால்லயே பழகலாம். .22 தோட்டா ஒன்றரை கிலோமீட்டர் தாண்டியும் போகும், அதனால முறையான ரேஞ்ச் (சுடுறதுக்குன்னே இருக்கற மைதானம்) தவிர வேற எங்கயும் எடுக்கவே கூடாது, சவுக்குத் தோப்புல டப்பா வெச்சு சுடலாம்னு யாராவது கூப்பிட்டா போகாதீங்க ப்ளீஸ்.

பராமரிப்பு: நம்ம ஊரு உப்புக் காத்துக்கு ரெண்டுமே துருப்பிடிக்கும். விரல் பட்ட இடத்துல பழுப்பா ரேகை விழும், சுட்டதும் எண்ணெய்த் துணியால துடைங்க. ஸ்பிரிங் ஏர் ரைபிள பெல்லட் இல்லாம சுடாதீங்க, பிஸ்டன் அடிவாங்கும்.

கத்துக்கறது: ஏர் ரைபிள்ல பெல்லட் மெதுவா வெளிய வரும், கை லேசா ஆடினாலும் பேப்பர்ல தெரிஞ்சிடும். 2008 பெய்ஜிங்ல அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கினது 10 மீட்டர் ஏர் ரைபிள்லதான்.

புதுசா வர்றவங்க, ஸ்கூல் பசங்க: ஏர் ரைபிள், யோசிக்கவே வேணாம். கிளப் மெம்பர் ஆகி 50 மீட்டர் போட்டிக்குப் போறவங்க மட்டும் .22-க்கு அப்ளை பண்ணுங்க.