ஹவுஸ்: ஆறாவது சீசன் தொடக்கமா, ஏழாவதா?

வெள்ளவத்தையில் மழை பெய்த ஓர் இரவில் அக்காவும் நானும் ஹவுஸ் என்ற அமெரிக்க வைத்தியசாலைத் தொலைக்காட்சித் தொடரின் ஏழாவது சீசனைத் தொடங்கினோம். எனக்கு மனம் விட்டுப்போயிற்று.

2009இல் வந்த ஆறாவதின் தொடக்கம் அப்படியா இருந்தது? வைத்தியர் ஹவுஸே மனநல வைத்தியசாலையில் நோயாளி. திரும்பவும் வைத்தியம் பார்க்க வேண்டுமென்றால் அங்குள்ள வைத்தியர் நோலன் கடிதம் தர வேண்டும். எவரிடமும் தலை வணங்காதவர் கடைசியில் உதவி கேட்கிறார். அந்த இடத்தில் ஹவுஸாக நடிக்கும் ஹியூ லோரியின் முகத்தை மறக்கவே முடியாது.

2010இல் வந்த ஏழாவதின் தொடக்கத்தில் ஹவுஸும் அவர் வேலை செய்யும் வைத்தியசாலையின் தலைவி லிசாவும் பெரும்பாலும் ஹவுஸின் வீட்டுக்குள்ளேயே. வைத்தியசாலைக் கதை ஒப்புக்கு ஓடுகிறது. அக்காவுக்கு அந்தக் காதல் பிடித்திருந்தது. சரி, ஆறு சீசன் காத்திருந்த இணைதான். ஆனால் அந்த மனிதனின் போராட்டம் எங்கே?