குற்றாலத்தில் படம் வாங்கப் போகிறவர்களுக்கு

சாரல் சீசனுக்குக் குற்றாலம் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். என்னுடைய 3,500 ரூபாய் போனது போனதுதான்.

ஐந்தருவி போகும் சாலையோரம், ரம்புத்தான், மங்குஸ்தான் விற்கிற கடைகளுக்கு நடுவே தார்ப்பாய் கட்டிப் படங்கள் வைத்திருந்தார்கள். அதில் ஒன்று மலைச்சரிவுக் கிராமம். ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப்போகும் ஓட்டு வீடுகள், மஞ்சளும் நீலமுமாகச் சுவர்கள், பொம்மை மாதிரி மனிதர்கள். பார்த்ததுமே பிடித்துவிட்டது. "பொதிகை அடிவாரத்து ஊர் அண்ணாச்சி, எங்க மாமா கையால வரைஞ்சது. சித்திரசபைச் சுவர்ல இருக்குல்லா, அதே மூலிகைச் சாயம்" என்றார் கடைக்காரர். சித்திரசபை என்பது சுவரெல்லாம் பழைய ஓவியங்கள் உள்ள குற்றாலக் கோயில் மண்டபம். தடவிப் பார்த்தேன், மேடு பள்ளமாகத் தூரிகைத் தடம் தட்டுப்பட்டது. 5,000 சொன்னதைப் பேசிக் குறைத்த பெருமை எனக்கு வேறு. ஜிபே வேலை செய்யவில்லை என்று காசாகவே வாங்கிக்கொண்டார். ரசீது கேட்டேன், சிரித்தார்.

பாளையங்கோட்டையில் பிரேம் போடக் கொடுத்தபோதுதான் சாயம் வெளுத்தது. பிரேம்காரர் ஒரு லென்ஸை எடுத்து வானத்தின் ஓரத்தில் வைத்துக் காட்டினார். பொடிப் பொடியாக நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள் புள்ளிகள். கேன்வாஸில் அடித்த பிரிண்ட். அதன்மேல் நிறமில்லாத ஜெல்லைத் தூரிகையால் இழுத்துவிட்டிருக்கிறார்கள். என் விரலுக்குத் தட்டுப்பட்டது அதுதான். சாய்த்துப் பார்த்தால் கூரையின் கோடு ஒரு பக்கம் போகிறது, தூரிகைத் தடம் வேறு பக்கம் போகிறது. வாங்கும்போது இதை மட்டும் பார்த்திருந்தாலே தப்பித்திருப்பேன்.

"சார், இது எந்த ஊரு ஆடு?" என்று அப்புறம் கேட்டார். மூலையில் கழுத்து நீண்ட ஒரு பிராணி. லாமா! தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் பொதி சுமப்பது, ஒட்டகத்துக்குச் சொந்தம். பெண்கள் தலையில் இருந்தது வட்டத் தொப்பி. நான் அதைச் சும்மாடு என்றல்லவா நினைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறே திரும்பப் போனேன். தார்ப்பாய் இருந்த இடத்தில் மாங்காய் வண்டி நின்றது. பேரருவிப் பக்கம் வேறொரு கடையில் அதே கிராமம், அதே லாமா, விலை 900.

"கையால வரைஞ்சதா தம்பி?"

"யாரு சொன்னா? பிரிண்டுதான் அண்ணாச்சி. ஜெல் போட்டு வேணும்னா 200 ரூவா கூட ஆகும்."