12 மாத எல்.வி.என். படிப்பா? கையெழுத்துக்கு முன் என் கதையைக் கேளுங்கள்

கலிபோர்னியாவில் எல்.வி.என். (லைசென்ஸ்டு வொகேஷனல் நர்ஸ், ஆர்.என்.-க்கு ஒரு படி கீழே உள்ள உரிமம் பெற்ற நர்ஸ்) படிக்கலாமா என்று யோசிக்கும் சகோதரிகளுக்காக இதை எழுதுகிறேன். (மற்ற மாநிலங்களில் எல்.பி.என். என்பார்கள். இங்கேயும் டெக்சாஸிலும்தான் இந்தப் பெயர்.) நான் திருச்சிக்காரி, பி.காம். படித்தவள், இருப்பது ஃப்ரீமாண்ட்டில். எச்4-இல் (வேலை விசாவில் வந்தவரின் துணைக்குத் தரும் விசா) பல வருடம் வீட்டோடு இருந்துவிட்டு, ஈ.ஏ.டி. என்ற வேலை அனுமதி வந்ததும் கையில் ஒரு தொழில் வேண்டும் என்று தோன்றியது. ஒரு தனியார் பள்ளி “12 மாதத்தில் நர்ஸ்” என்றது. கட்டணம் 34,000 டாலர்.

அந்த 12 மாதம்தான் என்னை இழுத்தது. பெண்ணுக்கு அப்போது இரண்டு வயது. அம்மா வந்தால் ஆறு மாதம் தங்கலாம், மாமியார் வந்தால் ஆறு மாதம். கூட்டினால் சரியாகப் பன்னிரண்டு! நாள்காட்டியில் வட்டம் போட்டு விமான டிக்கெட்டும் எடுத்தோம்.

உண்மையில் இந்தப் படிப்பு மாதத்தில் அளக்கப்படுவதே இல்லை, மணியில் அளக்கப்படுகிறது. கலிபோர்னியா விதிப்படி 1,530 மணி நேரம். அதில் வகுப்பறை 576, மீதி 954 மணி நேரம் கிளினிக்கல், அதாவது நோயாளிகளிடம் நேரடிப் பயிற்சி. பள்ளிக்குச் சொந்தமாக மருத்துவமனை கிடையாது. வெளியே ஏதாவது ஓர் இடத்தோடு ஒப்பந்தம் போட்டுத்தான் நம்மை அனுப்புகிறார்கள். ஒப்பந்தம் போனால் மணியும் நின்றுபோகும். சேர்க்கை ஆலோசகர் தினமும் போன் செய்து “இன்னும் இரண்டு சீட்தான்” என்றாரே தவிர, இதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

எட்டாவது மாதம் அதுதான் நடந்தது. என் கணக்கில் 950 மணி நேரம் ஏறியிருந்தது. “கிளினிக்கல் இடம் மாறுகிறது, இரண்டு வாரம் பொறுங்கள்” என்று மின்னஞ்சல் வந்தது. இரண்டு வாரம் ஆறு மாதமானது. மாமியாரின் ஆறு மாதம் முடிந்து அவர் ஊருக்குக் கிளம்பினார். பெண்ணை டேகேரில் விட்டேன். அதற்கு மாதாமாதம் போன பணம் தனி.

கடைசியில் கிடைத்த இடம் மொடெஸ்டோவில். வீட்டிலிருந்து அறுபது மைலுக்கு மேல். காலை 6.45-க்கு அங்கே நிற்க வேண்டும். 580 நெடுஞ்சாலையின் நெரிசலைப் பார்த்தவர்களுக்கு மாலையில் திரும்புவது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நடுவில் விலகிவிடுகிறேன், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். 60 சதவீதம் வரை படித்தவர்களுக்குத்தான் இங்கே விகிதப்படி பணம் திரும்பும். 950 மணி நேரம் என்றால் 62 சதவீதம். ஒரு டாலர் கூட வரவில்லை.

எல்லாம் முடித்தும் விடவில்லை. பள்ளியே வைக்கும் எக்ஸிட் எக்ஸாமில் தேறினால்தான் என்க்ளெக்ஸ்-பி.என். என்ற உரிமத் தேர்வை எழுதத் தேவையான காகிதங்களை அனுப்புவார்களாம். முதல் முறை நான்கு மதிப்பெண்ணில் போனது. மறுபடி எழுத மறுபடி பணம். மொத்தத்தில் 12 மாதம் 18 ஆனது. என்க்ளெக்ஸில் முதல் தடவையே தேறினேன், அதை மட்டும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன்.

பள்ளி “ஆஸ்பத்திரியில் வேலை” என்றதும் அரை உண்மைதான். எல்.வி.என்.-களுக்குப் பெரும்பாலும் வேலை கிடைப்பது ஸ்னிஃப் எனப்படும் இடங்களில். நம் ஊர் நர்சிங் ஹோம் போல அல்ல, முதியவர்கள் மாதக்கணக்கில் படுத்திருக்கும் பராமரிப்பு இல்லங்கள். நான் இப்போது அங்கேதான் இருக்கிறேன். வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அடுத்து ஆர்.என். (ரெஜிஸ்டர்டு நர்ஸ்) படிக்கலாம் என்று கம்யூனிட்டி காலேஜுக்கு, அதாவது இங்குள்ள அரசுக் கல்லூரிக்குப் போனால், நான் படித்த எதையும் யூனிட்டாக (படிப்பைக் கணக்கிடும் அலகு) ஏற்க முடியாது என்றார்கள். என் பள்ளிக்கு அவர்கள் கேட்கும் அக்ரெடிடேஷன் (கல்வித்தர அங்கீகாரம்) இல்லையாம். அதே காலேஜில் ஒரு யூனிட் 46 டாலர். காத்திருப்புப் பட்டியலுக்குப் பயந்து அங்கே எட்டிக்கூடப் பார்க்காமல் 34,000 கட்டியவள் நான்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், இதில் பாதி எனக்கு முன்னமே கொடுக்கப்பட்டிருந்தது. ‘ஸ்கூல் பெர்ஃபார்மன்ஸ் ஃபேக்ட் ஷீட்’ என்று ஒரு தாளைச் சேரும் முன் கொடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். உரிய காலத்தில் முடித்தவர்கள் எத்தனை பேர், தேர்வில் தேறியவர்கள் எத்தனை பேர், வேலை கிடைத்தவர்கள் எத்தனை பேர் எல்லாம் அதில் இருக்கும். என் பள்ளியின் தாளில் உரிய காலத்தில் முடித்தவர்கள் பாதிக்கும் கீழே. ஒவ்வொரு கட்டத்திலும் என் இனிஷியல் இருக்கிறது. ஆலோசகர் விரலால் காட்டக் காட்டப் போட்டுக்கொண்டே போயிருக்கிறேன்.

சேக்ரமெண்டோவில் உள்ள எல்.வி.என். வாரியத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு பள்ளியின் தேர்ச்சி விகிதமும் இருக்கிறது. மாநில சராசரியைவிடப் பத்துப் புள்ளிக்கு மேல் குறைந்தால் அது விதிமீறல். ‘ப்ரொவிஷனல்’ என்று போட்டிருந்தால் அங்கே ஏதோ பிரச்சினை என்று அர்த்தம். பள்ளியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கிளினிக்கல் எந்த ஊரில், எந்த இடத்தில், ஒப்பந்தம் எந்தத் தேதி வரை? எழுத்தில் வாங்குங்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? முதல் வகுப்பு நாள் வரை, அல்லது கையெழுத்திட்ட ஏழாம் நாள் வரை, இரண்டில் எது பிந்தியதோ அதுவரை ரத்து செய்யலாம். போனில் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுத்து ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.