ஆறு ஒயர், ஒரு அரைகுறைப் படம்: ஒரு கார் அலாரம் கிட் பற்றி

பெட்டியின் மேல் என்ன பெயர் அச்சடித்திருக்கிறது என்பது முக்கியமில்லை. இதே கிட் வேறு வேறு பெயரில், வேறு வேறு அட்டையில் வருகிறது. கண்ட்ரோல் யூனிட், இரண்டு ரிமோட், சைரன், ஷாக் சென்சார், நீல எல்.இ.டி., ஒரு கத்தை ஒயர். என் கார் பழையது. கம்பெனியிலேயே சென்ட்ரல் லாக் உண்டு, ரிமோட்தான் கிடையாது. அதற்காகவே வாங்கினேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். யூனிட்டைத் திறந்து பார்த்தேன். சால்டரிங் சுத்தமாக இருக்கிறது, லாக்குக்கென்று இரண்டு தனி ரிலே, அதாவது கரண்டால் தட்டப்படும் ஸ்விட்ச், வைத்திருக்கிறார்கள். சைரன் காதைக் கிழிக்கிறது. ஷாக் சென்சார்தான் கொஞ்சம் ரோஷக்காரன், பக்கத்தில் லாரி போனாலே கத்துவான். அதிலுள்ள சின்னத் திருகைக் குறைத்து வைத்தால் அடங்கிவிடுகிறான்.

வம்பெல்லாம் டோர் லாக் ஒயரில்தான். லாக்குக்கு மட்டும் ஆறு ஒயர் வருகிறது. பார்த்தால் மலைப்பாக இருக்கும். உள்ளே இருப்பது என்னவோ இரண்டே ரிலே. ஒன்று பூட்ட, ஒன்று திறக்க. ஒவ்வொன்றுக்கும் காமன், என்.சி., என்.ஓ. என மூன்று ஒயர். சும்மா இருக்கும்போது காமனும் என்.சி.யும் சேர்ந்திருக்கும். ரிமோட்டை அழுத்தியதும் காமன் என்.ஓ.வுக்குத் தாவும். இதை நாலு வரியில் எழுதியிருந்தால் போதும். கூட வந்த தாளில் அது இல்லை. போதாக்குறைக்கு, திறக்கும் ரிலேயின் இரண்டு ஒயர் நிறங்கள் தாளில் இடம் மாறியிருக்கின்றன. மல்டிமீட்டரை பீப்பில் வைத்து, எது எதோடு சேர்கிறது என்று பார்த்து ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டிய பிறகுதான் காரைத் தொட்டேன்.

நிறத்தை விடுங்கள், படம்தான் ஆபத்து. பெரிதாகப் போட்டிருக்கும் ஒரே படத்தில் என்.சி. எர்த்துக்கு, என்.ஓ. 12 வோல்ட்டுக்கு, காமன் லாக் ஒயருக்கு. புதிதாக ஆக்சுவேட்டர் மோட்டார் (கதவுப் பூட்டின் கம்பியை இழுத்துத் தள்ளுவது) வாங்கி மாட்டுகிறவருக்கு அது சரி. என் கார் மாதிரி மைனஸ் ட்ரிகர் உள்ள, அதாவது லாக் ஒயரை எர்த்தில் தொட்டால் பூட்டு வேலை செய்யும் காரில் அப்படியே கொடுத்தால் பூட்டும் ஒயர், திறக்கும் ஒயர் இரண்டும் எந்நேரமும் எர்த்தில் கிடக்கும். ரிமோட்டை அழுத்தினால் காரின் லாக் யூனிட்டுக்குள் நேராக 12 வோல்ட் பாயும். அது தாங்குமா என்பது அதன் ஆயுள் ரேகையைப் பொறுத்தது. இந்த வகைக்குக் காமன் இரண்டும் எர்த்துக்கு, என்.ஓ. இரண்டும் லாக் ஒயர்களுக்கு, என்.சி. இரண்டையும் டேப் சுற்றி மூடிவிட வேண்டும், அவ்வளவுதான்.

எந்த வகை என்று கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. கதவு ஸ்விட்சிலிருந்து வரும் ஒயர்களை கிக் பேனல் (கால் வைக்குமிடத்தின் பக்கவாட்டு மூடி) பக்கம் பிடித்து, மீட்டரின் கறுப்பு முனையை பாடி எர்த்தில் வைத்தேன். சும்மா இருக்கும்போது 12 வோல்ட் பக்கம் காட்டியது, ஸ்விட்சை அழுத்தியதும் பூஜ்யத்துக்கு இறங்கியது. மைனஸ் ட்ரிகர். தலைகீழாக, பூஜ்யத்திலிருந்து 12-க்கு ஏறினால் உடனே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. பிளஸ் ட்ரிகராக இருக்கலாம், மோட்டாருக்கே போகும் ஒயராகவும் இருக்கலாம். அழுத்தாதபோது இரண்டு ஒயருமே பாடியோடு பீப் அடித்தால் அது மோட்டார் ஒயர். அதில் ஒட்டுப் போட்டால் ஃபியூஸ் போகும். ஒயரை வெட்டி, மோட்டார் பக்கத்தைக் காமனுக்கும் ஸ்விட்ச் பக்கத்தை என்.சி.க்கும் கொடுத்து, என்.ஓ.வுக்கு ஃபியூஸ் வழியாக 12 வோல்ட் தர வேண்டும். கிட்டில் அதற்கான ஃபியூஸ் ஹோல்டர் கிடையாது, தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். பல்பு வைத்த டெஸ்ட் லாம்ப்பை மட்டும் இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். அது இழுக்கும் கரண்ட் எலெக்ட்ரானிக் யூனிட்டுகளுக்கு ஆகாது. மஞ்சள் கனெக்டர் கண்ணில் பட்டால் ஏர்பேக் என்று வைத்துக்கொண்டு கையை எடுத்துவிடுவது நல்லது.

மாட்டி முடித்து ரிமோட்டை அழுத்தினால் கிளக் என்று பூட்டி, அதே மூச்சில் கிளக் என்று திறந்துகொண்டது. கிட்டைத்தான் யாரும் திட்டுவார்கள். அதன் இரண்டு என்.ஓ. ஒயரையும் கழற்றிவிட்டு, பூட்டும் ஒயரை ஒரு துண்டு ஒயரால் எர்த்தில் லேசாகத் தொட்டேன். அப்போதும் அதே கிளக், கிளக். ஆக, கிட் நிரபராதி. டிரைவர் கதவு ஆக்சுவேட்டருக்குள் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது; கதவு பூட்டியதா, திறந்ததா என்று மற்ற கதவுகளுக்குச் சொல்வது அதுதான். ஆக்சுவேட்டரின் கம்பி முழுத் தூரம் போகாமல் பாதியில் நின்றால் அது ‘திறந்துவிட்டது’ என்று சொல்லிவிடும். கதவின் உள்பக்க மூடியான டிரிம்மைக் கழற்றி, ஆக்சுவேட்டரின் இரண்டு திருகையும் தளர்த்தி நீள ஓட்டையில் கொஞ்சம் நகர்த்தி இறுக்கினேன். சரியாகிவிட்டது. பின்கதவு ஒன்று வாயே திறக்கவில்லை. கீல் பக்கத்து ரப்பர் குழாய்க்குள் ஒயர் அறுந்திருந்தது. பழைய காரில் அது வழக்கம்தான்.

இன்னொன்று. பல்ஸ் நேரத்தை, அதாவது ஒரு அழுத்தலுக்கு ரிலே எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்பதை, மாற்ற யூனிட்டில் ஒரு ஜம்பர் (இடம் மாற்றிச் செருகும் சின்னத் துண்டு) உண்டு. எனக்கு வந்தது நீண்ட பல்ஸில் இருந்தது. வாக்குவம் பம்ப்பில் ஓடும் பழைய லாக்குகளுக்கு அது வேண்டும். மோட்டார் லாக்குக்கு அரை நொடியே தாராளம். மேலே போனால் மோட்டார் சும்மா சூடாகும். இதையும் தாளில் தேடாதீர்கள்.

ஐந்துக்கு, யூனிட்டுக்கு நாலு கொடுப்பேன். தாளுக்கு அரை மதிப்பெண், அதுவும் சைரன் ஒயரைச் சரியாகக் காட்டியதற்காக. மீட்டர் பிடிக்கத் தெரிந்தவர், பழைய கார் வைத்திருப்பவர் தாராளமாக வாங்கலாம். ஸ்விட்சிலிருந்து முறுக்கிய ஜோடி ஒயர் போகிறது, மீட்டர் 2.5 வோல்ட் பக்கமே ஆடுகிறது என்றால் அது கேன் பஸ் ஆக இருக்கும், அதாவது காரின் யூனிட்டுகள் தங்களுக்குள் டேட்டாவாகப் பேசிக்கொள்ளும் லைன். அந்தக் காருக்கு இந்தக் கிட் ஆகாது. அதற்கென்று இருக்கும் தனி மாட்யூலோடு வருவதைத்தான் பார்க்க வேண்டும்.