"3 பாஸ் வைப் ஆயிடுச்சு" என்று முக்கால் மணி நேரத்தில் லேப்டாப்பைத் தந்தால் பணம் கொடுக்காதீர்கள்

சர்வீஸ் கடை கொடுத்த பில்லில் இருப்பது இதுதான்: "ஃப்ரீ ஸ்பேஸ் செக்யூர் வைப், 3 பாஸ், ரூ.1,200." 1 டிபி ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய லேப்டாப். விண்டோஸும் இருக்கிற கோப்புகளும் அப்படியே இருக்க வேண்டும். முன்பே டெலீட் செய்த பேங்க் ஸ்டேட்மென்ட், ஆதார் ஸ்கேன், வீட்டுப் படங்கள் மட்டும் யாரும் மீட்க முடியாதபடி போக வேண்டும். வாடிக்கையாளர் கேட்டது இவ்வளவுதான். டெலீட் செய்த கோப்பு டிஸ்க்கின் காலி இடத்தில் அப்படியே தங்கியிருக்கும். அதன் மேல் வேறு தரவை எழுதி அழிப்பதுதான் வைப். காலி இடம் முழுவதிலும் ஒரு முறை எழுதினால் ஒரு பாஸ். முக்கால் மணி நேரத்தில் "முடிஞ்சது" என்று கையில் கொடுத்துவிட்டார்கள்.

முடிந்திருக்க வழியே இல்லை. காலி இடம் 620 ஜிபி. இந்த வகை டிஸ்க் நொடிக்கு 100 எம்பி எழுதும் என்று தாராளமாகவே வைத்தாலும் ஒரு பாஸுக்கு 6,200 நொடி, அதாவது 1 மணி 43 நிமிடம். மூன்று பாஸுக்கு 5 மணி நேரத்துக்கு மேல். டிஸ்க் பாதி நிறைந்த பிறகு வேகம் இன்னும் குறையும்.

வீட்டுக்கு வந்ததும் சி டிரைவில் காலி இடம் 405 ஜிபி என்று காட்டியது. மீதி 215 ஜிபி எங்கே? மறைந்த கோப்புகளையும் காட்டச் சொல்லிப் பார்த்தால், டிரைவின் முதல் மட்டத்திலேயே 'இஎஃப்எஸ்டிஎம்பிடபிள்யூபி' என்று ஒரு ஃபோல்டர். விண்டோஸோடு வரும் 'சைஃபர்' கட்டளை காலி இடத்தை அழிக்கும்போது உருவாக்கும் தற்காலிக ஃபோல்டர் இது. வேலை முழுதாக முடிந்தால் தானே நீங்கிவிடும். பாதியில் நிறுத்தினால்தான் தங்கும். முதல் பாஸின் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியதும் நிறுத்திவிட்டு, மூன்று பாஸுக்குப் பில் போட்டிருக்கிறார்கள்.

இன்னொரு சாட்சி டிஸ்க்குக்குள்ளேயே இருக்கிறது. டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைத் திறந்தால் வலப்பக்க மேல் கட்டத்தில் 'பவர் ஆன் ஹவர்ஸ்', அதாவது டிஸ்க் இதுவரை ஓடிய மொத்த மணி நேரம், தெரியும். கடைக்குக் கொடுப்பதற்கு முந்தின நாள் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டில் 6,412. திரும்பி வந்தபோது 6,413. ஐந்து மணி நேர வேலைக்கு ஒரு மணி நேரம்தான் ஏறியிருக்கிறது. சர்வீஸுக்கு எதைக் கொடுத்தாலும் அந்தத் திரையை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஃபோட்டோரெக். டெலீட் செய்த கோப்புகளை மீட்கும் இலவச மென்பொருள். பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து, 'ஃப்ரீ' என்ற விருப்பத்தைக் கொடுத்தால் காலி இடத்தை மட்டும் துழாவும். மீட்பதை வேறு டிரைவில்தான் சேமிக்க வேண்டும். அதே டிரைவில் போட்டால் சோதனையே கெட்டுவிடும். பழைய பெயர்கள் வராது, 'எஃப்' எழுத்தும் நீண்ட எண்ணுமாகத்தான் வரும். அப்படி வந்த படங்களில் ஒன்றைத் திறந்தால் ஆதார் அட்டை, எண்ணோடு, முகத்தோடு.

சரியாகச் செய்ய கடையே தேவையில்லை. மீந்துபோன அந்த ஃபோல்டரை முதலில் டெலீட் செய்யுங்கள். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்து, 'சிஸ்டம் ப்ரொடெக்‌ஷன்' பகுதியில் ரெஸ்டோர் பாயின்ட்களையும் நீக்குங்கள். டெலீட் செய்த கோப்பின் பழைய நகல் அதற்குள் இருக்கலாம். விண்டோஸ் கணக்கில் அது காலி இடமே அல்ல. சார்ஜரைச் செருகி, ஸ்லீப்பை 'நெவர்' என்று மாற்றுங்கள். லேப்டாப் தூங்கிவிட்டால் வைப் நடுவில் நின்றுபோகும். பிறகு கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, சைஃபர் என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி, சாய்கோடு, டபிள்யூ, முக்காற்புள்ளி, டிரைவ் எழுத்து, மறுபடி முக்காற்புள்ளி (சி டிரைவுக்கு cipher /w:c:). முதல் பாஸ் எல்லாம் 0, இரண்டாவது எல்லாம் 1, மூன்றாவது தாறுமாறான எண்கள். புள்ளி புள்ளியாக மட்டும் நகரும். உறைந்துவிட்டது என்று மூடிவிடாதீர்கள். நடுவில் 'டிஸ்க் நிறைந்துவிட்டது' என்று எச்சரிக்கை வருவது இயல்பு. டிரைவை நிரப்புவதுதான் அதன் வேலையே.

சைஃபருக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. 1 கேபிக்குக் குறைவான கோப்புகளின் உள்ளடக்கம், விண்டோஸ் டிஸ்க்கில் கோப்புகளை வைக்கும் முறையான என்டிஎஃப்எஸ்ஸில், கோப்புகளின் விவரப் பட்டியலான மாஸ்டர் ஃபைல் டேபிளுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். சைஃபர் அதைத் தொடாது. பாஸ்வேர்டு எழுதி வைத்த நோட்பேட் கோப்பு சரியாக அந்த அளவில்தான் இருக்கும்! அதற்கு மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் கருவித் தொகுப்பு தரும் 'எஸ்டெலீட்' கருவியை 'சி' விருப்பத்தோடு ஓட்டுங்கள். அந்த டேபிளின் காலி வரிகளையும் நிரப்பும். பழைய கோப்புப் பெயர்கள் மட்டும் அதற்குப் பிறகும் தங்கலாம்.

பாஸ் எண்ணிக்கைக்காகக் கூடுதல் பணம் கொடுக்கவே வேண்டாம். 35 பாஸ் என்று சிலர் சொல்வது, பாதுகாப்பு ஆய்வாளர் பீட்டர் குட்மன் 1996-ல் அந்தக் காலத்து டிஸ்க்குகளை வைத்து எழுதியது. அமெரிக்காவின் தரநிலை அமைப்பான என்ஐஎஸ்டி 2014-ல் திருத்தி வெளியிட்ட 800-88 வழிகாட்டி, இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு பாஸ் போதும் என்றது. பெரிய பாஸ் எண்ணைச் சொல்லிப் பெரிய தொகை கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி என்றால் கதையே வேறு. நாம் எங்கே எழுதச் சொன்னாலும் அதன் கன்ட்ரோலர் தேய்மானத்தைச் சமப்படுத்த வேறு செல்லில் எழுதும். நம் கண்ணுக்கே தெரியாத உபரி இடமும் அதில் உண்டு. அங்கெல்லாம் மேலெழுதுதல் எட்டுமென்று உத்தரவாதம் இல்லை. ஆயுள்தான் குறையும். எஸ்எஸ்டிக்கு 'ஃப்ரீ ஸ்பேஸ் வைப்' விற்பவர் ஒன்று அறியாதவர், அல்லது அறிந்தே ஏமாற்றுபவர். டெலீட் செய்த இடம் இனி தேவையில்லை என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் டிரிம் இயங்கட்டும், தரவைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போன்ற என்க்ரிப்ஷனைத் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள். விற்கும்போது தயாரிப்பாளரின் கருவியிலோ, லேப்டாப் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையான பயாஸிலோ உள்ள 'செக்யூர் இரேஸ்' கொடுத்தால் போதும். அது முழு டிரைவையும் அழிக்கும், ஆகவே பேக்கப் முதலில்.

உங்களுடையது எந்த வகை என்று தெரியாவிட்டால் 'ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்' திரையில் 'மீடியா டைப்' பத்தியைப் பாருங்கள்.

கடையிலேயேதான் செய்ய வேண்டும் என்றால் டிஸ்க்கின் சீரியல் நம்பர், பயன்படுத்திய கருவி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், முன்னும் பின்னும் பவர் ஆன் ஹவர்ஸ், இவ்வளவையும் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ஏற்கெனவே பணம் போய்விட்டதென்றால் பில், ஸ்கிரீன்ஷாட், மீண்டு வந்த கோப்புகளின் பட்டியலோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுக்கலாம்.