சாண்டோவின் படமா, செயலியின் அட்டவணையா?

நான் பளு தூக்கத் தொடங்கி 11 ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஆண்டு முழுவதும் அர்னால்டின் பயிற்சி அட்டவணையை நகல் எடுத்து வைத்துக்கொண்டு அதன்படியே செய்தேன். அடுத்த 4 ஆண்டுகள் பழைய வீரர்கள் யாரும் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டுக் கைப்பேசிச் செயலி போட்டுத் தரும் அட்டவணையையும் புதிய ஆய்வு முடிவுகளையும் மட்டும் நம்பினேன். கடைசி 6 ஆண்டுகளாக இரண்டும் என்னிடம் இருக்கின்றன. ஆனால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் பழையவர்களைத்தான் வைத்துக்கொள்வேன். எங்கள் ஜிம்முக்கு வரும் தம்பிகள், "செத்துப்போன ஆணழகர்களைப் பற்றித் தெரிந்து என்ன ஆகப்போகிறது அண்ணா?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு நின்ற நிலையில் சொல்லி முடிக்க முடியாத பதில் இது.

முதலில் செயலியின் பக்கம். அதன் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை, நீட்டி முழக்க வேண்டியதில்லை. ஒரு தசைக்கு வாரத்துக்கு 10 செட்டுக்கு (இடைவிடாமல் செய்யும் ஒரு சுற்றுதான் செட்) மேல் செய்கிறவர்களுக்கு வளர்ச்சி கூடுதலாக இருக்கிறது, உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதத்தைத் தாண்டினால் சொல்லிக்கொள்ளும்படியான பலன் இல்லை என்பன போன்ற முடிவுகளைப் பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்துச் சொல்கிறார்கள். நான் தனியாக 20 ஆண்டுகள் முட்டி மோதினாலும் இவற்றைக் கண்டுபிடித்திருக்க மாட்டேன். கடந்த வாரம் ஸ்குவாட்டில், அதாவது பளுவைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவதில், எத்தனை கிலோ, ஒரு செட்டில் எத்தனை முறை (ரெப்) என்பதைச் செயலி நினைவில் வைத்திருக்கிறது. உடல் நலத்துக்காக வாரம் மூன்று நாள் வந்து போகிறவருக்கு இதுவே போதும். அவரிடம் பழைய ஆணழகர் ஸ்டீவ் ரீவ்ஸ் யார் என்று கேட்டுத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

வாழ்நாளின் ஒரு பகுதியையே இதற்குக் கொடுக்கிறவரைப் பற்றித்தான் பேசுகிறேன். விடியற்காலை எழுந்து, சாப்பாட்டை எடை போட்டு, கல்யாண வீட்டுப் பந்தியில்கூட எண்ணிச் சாப்பிடுகிறவர். அவருக்குச் செயலி மட்டும் போதாது.

ஆனால் பழையவர்களை அரைகுறையாகத் தெரிந்துகொள்வது ஒன்றும் தெரியாமல் இருப்பதைவிட மோசம். என் முதல் ஆண்டே அதற்குச் சாட்சி. என்னிடம் இருந்த நகலில் வாரத்துக்கு 6 நாள், பெரும்பாலான நாட்களில் காலையும் மாலையும் பயிற்சி, ஒரு தசைக்கு 20 செட்டுக்கு மேல் என்று இருந்தது. எட்டாவது மாதம் வலது தோளைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. அந்தத் தாள் சொல்லாத செய்திகள் எத்தனையோ. ஆணழகர்களின் உச்சப் போட்டியான மிஸ்டர் ஒலிம்பியாவை 1970 முதல் 1975 வரையும் பிறகு 1980-லும் வென்ற அர்னால்ட், பதின்பருவத்திலிருந்தே பளு தூக்கி வந்தவர். ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். மிஸ்டர் ஒலிம்பியா போட்டியை 1965-இல் தொடங்கிய ஜோ வைடர்தான் அந்த வீரர்களின் படங்களையும் பயிற்சி முறைகளையும் வெளியிட்ட பத்திரிகைகளின் முதலாளி. புரத மாவு விற்றவரும் அவரே. அட்டவணைக்குப் பக்கத்திலேயே டப்பாவின் விளம்பரமும் இருந்தது. இவ்வளவும் தெரிந்திருந்தால் அந்தத் தாளை நான் வேறு விதமாகப் படித்திருப்பேன்.

தோள் வலியோடு நான் வரலாற்றையே தூக்கிப் போட்டேன். அது தவறு. வரலாறு கெடுத்த தோள் அல்ல அது. ஒரே ஒரு தாள் கெடுத்த தோள். அர்னால்டின் காலத்திலேயே அதற்கு நேர் எதிராக நின்றவர் மைக் மென்ட்சர்: குறைவாகச் செய், ஆனால் ஒரு செட்டை உயிரைக் கொடுத்துச் செய் என்றவர். அந்த வழியைத் தனக்கேற்ப மாற்றிக்கொண்ட டோரியன் யேட்ஸ், பர்மிங்காமில் நிலத்தடியில் இருந்த ஒரு ஜிம்மில் பயிற்சி செய்து 1992 முதல் 1997 வரை தொடர்ந்து ஆறு முறை வென்றார். ஒவ்வொரு பயிற்சியிலும் உடலைச் சூடாக்கும் செட்டுகள், பிறகு முழு மூச்சில் ஒரே ஒரு செட். வாரம் நான்கே நாள். இடையில் 1984 முதல் 1991 வரை எட்டு முறை வென்ற லீ ஹேனி, தசையைத் தூண்டினால் போதும், அழிக்காதே என்று சொல்லி வந்தவர். அர்னால்ட், யேட்ஸ், ஹேனி: மூன்று பேர், மூன்று வழி, மூவருக்கும் பட்டம். இதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு, "இதுதான் ஒரே முறை" என்று யார் சொன்னாலும் எனக்குப் பதற்றம் வருவதில்லை. நான்கு ஆண்டு செயலிக் காலத்தில் மாதம் ஒரு முறை அட்டவணையை மாற்றிக்கொண்டிருந்தவன் நான்.

இதுகூடப் பெரிய காரணம் இல்லை. என்னைத் திருப்பியது அளவுகோல். எந்த உடலோடு நம் உடலை ஒப்பிடுகிறோம் என்ற அந்த ஒரு விஷயம்தான். மற்ற எல்லாவற்றையும்விட இதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

கண்ணாடி முன்னால் நிற்கும் ஒவ்வொருவர் மனத்திலும் ஒரு படம் இருக்கிறது. அந்தப் படம் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலானோருக்குத் தெரியாது. செயலிக் காலத்தில் என் மனத்தில் இருந்ததும் ஆண்டு இல்லாத படம்தான். தினமும் கைப்பேசியில் ஓடும் உடல்கள் ஒன்றோடொன்று கலந்து, பிறந்த தேதியும் காரணமும் இல்லாத ஒரே உடலாகிவிட்டன.

காலக்கோட்டை வரைந்து பார்த்தால் படம் தெளிகிறது. 1901 செப்டம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில், ஆணழகுக் கலையின் முன்னோடியான யூஜின் சாண்டோ ஒரு பெரிய உடற்கட்டுப் போட்டியை நடத்தினார். நடுவர்களில் ஒருவர் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயில். வென்றவர் நாட்டிங்காமைச் சேர்ந்த வில்லியம் மர்ரே. தசையை வளர்க்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது 1935-இல். டயனபால் என்ற ஸ்டீராய்டு மாத்திரை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது 1958-இல். இந்த இரண்டு ஆண்டுகளையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சாண்டோவின் உடலில் நீங்கள் பார்ப்பது உணவும் இரும்பும் பிறப்பும் மட்டுமே. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் பளு தூக்கி, 1940-லும் 1941-லும் மிஸ்டர் அமெரிக்கா வென்ற ஜான் கிரிமெக், 1947-இல் அதே பட்டம் வென்ற ஸ்டீவ் ரீவ்ஸ் ஆகியோர் டயனபாலுக்கு முந்தையவர்கள். 1935-க்குப் பிறகு ஊசி மருந்து இருந்ததே என்று கேட்கலாம், சரியான கேள்வி. அதனால் 1958 என்பதை மதில் சுவராகப் பார்க்காதீர்கள், ஆற்றின் கரையாகப் பாருங்கள். கரை அங்கங்கே ஈரமாக இருக்கலாம். வெள்ளம் அதற்கு அப்பால்தான்.

இதற்கு எண்ணும் இருக்கிறது. கொழுப்பைக் கழித்த உடல் எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் இருமடியால் வகுத்தால் கிடைப்பது தசைக் குறியீடு. 1995-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஸ்டீராய்டு மருந்து எடுக்காத வீரர்களின் குறியீடு ஏறத்தாழ 25-இல் நின்றது. மருந்து எடுத்தவர்களில் பலர் அதை எளிதாகத் தாண்டினார்கள். ஆய்வாளர்கள் அத்தோடு விடவில்லை. 1939 முதல் 1959 வரை மிஸ்டர் அமெரிக்கா வென்ற 20 பேரின் குறியீட்டையும் மதிப்பிட்டார்கள். சராசரி 25.4. அந்தப் பழைய படங்களை ஆய்வாளர்களே எடுத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று அறிந்த நாளில்தான் என் மனம் முழுமையாகத் திரும்பியது. வரலாறும் ஆய்வும் எதிரெதிர் என்று நான் நினைத்திருந்தேன். இந்த ஒரு கேள்வியில் ஆய்வே வரலாற்றிடம் போய்த்தான் விடை கேட்டது.

ரீவ்ஸையும் கிறிஸ் பம்ஸ்டெட்டையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். இருவரும் ஏறத்தாழ 6 அடி 1 அங்குலம். ரீவ்ஸ் 97 கிலோவை ஒட்டி இருந்தார். கொழுப்பு 10 சதவீதம் என்று வைத்தால் குறியீடு 25-ஐச் சற்றே தாண்டுகிறது. 2019 முதல் 2024 வரை ஒலிம்பியாவின் கிளாசிக் பிசிக் என்ற எடை வரம்புள்ள பிரிவில் வென்ற பம்ஸ்டெட்டை 105 கிலோ, 5 சதவீதக் கொழுப்பு என்று வைத்தால் 29-ஐத் தொடுகிறது. 2003-இல் மேடையில் 130 கிலோ இருந்த ரோனி கோல்மனுக்குக் கணக்குப் போட்டால் 35-ஐத் தாண்டுகிறது. மூன்றும் மனித உடல்தான், மூன்றிலும் கடும் உழைப்பு இருக்கிறது. அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஆனால் மூன்றும் ஒரே பாதையின் மூன்று மைல்கற்கள் அல்ல. 1996-இல் வெளிவந்த ஆய்வில், பத்து வாரம் வாரந்தோறும் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டு எந்தப் பயிற்சியும் செய்யாதவர்கள் சராசரியாக 3.2 கிலோ கொழுப்பற்ற எடை கூடினார்கள். ஊசி இல்லாமல் பயிற்சி செய்தவர்கள் கூடியது ஏறத்தாழ 2 கிலோ. இதை ஒருவன் அறியாவிட்டால் தன் உழைப்பையே குற்றம் சொல்லிக்கொள்வான். நான் சொல்லிக்கொண்டேன். "இன்னும் போதுமான அளவு செய்யவில்லை" என்று 4 ஆண்டுகள் என்னையே திட்டிக்கொண்டு, சரியாக வளர்ந்துகொண்டிருந்த உடலை வெறுத்தேன். அந்த வெறுப்பில் இருப்பவனிடம்தான் ஜிம்மின் மூலையில் யாராவது வந்து ஊசியைப் பற்றிப் பேச்செடுக்கிறார்கள்.

செயலி என் கடந்த வாரத்தோடு என்னை ஒப்பிடுகிறது. நல்லதுதான். என் எல்லை எங்கே இருக்கலாம் என்று அது ஒருநாளும் சொன்னதில்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. "நம் உடல்வாகுக்கு இதெல்லாம் வராது" என்று சொல்கிறவர்களுக்கு நான் வங்காளத்து ஆணழகர் மனோகர் ஐச்சின் படத்தைக் காட்டுகிறேன். உயரம் 4 அடி 11 அங்குலம். பிரிட்டிஷ் அதிகாரியை அறைந்ததற்காகச் சிறைக்குப் போய், அங்கே கருவிகள் இல்லாமலேயே உடலை வளர்த்தவர். 1951-இல் லண்டன் மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியில் இரண்டாம் இடம். ஊருக்குத் திரும்பாமல் அங்கேயே ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டு பயிற்சி செய்து 1952-இல் தன் பிரிவில் வென்றார். முந்தைய ஆண்டு அதே மேடையில் பட்டம் வாங்கியவர் இன்னொரு வங்காளி, மனோதோஷ் ராய். பழைய சோற்றுத் தண்ணீரின் அருமையைக் கடைசி வரை பேசிய ஐச், நூறு வயதைக் கடந்து 2016-இல் மறைந்தார். பிரேம்சந்த் டேக்ரா 1988-இல் உலகப் பட்டம் வென்றதும் நமக்கு மறந்துவிட்டது. சாண்டோவின் பெயர் நம் வாயில் இன்னும் இருக்கிறது. சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னால் அது பட்டமாகவே நின்றது. ஆனால் அது ஓர் ஆளின் பெயர் என்பதே எங்கள் ஜிம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது.

பிற்கால வாழ்க்கையும் பாடம்தான். யேட்ஸுக்கு 1994-இல் மேற்கையின் முன்பக்கத் தசையும் (பைசெப்ஸ்) 1997-இல் பின்பக்கத் தசையும் (டிரைசெப்ஸ்) கிழிந்தன, அதன் பிறகு அவர் ஒதுங்கினார். 800 பவுண்டு ஸ்குவாட்டை இரண்டு முறை எழுப்பிய கோல்மனுக்கு முதுகிலும் இடுப்பிலும் அறுவை சிகிச்சைக்கு மேல் அறுவை சிகிச்சை. கிரிமெக் 88 வயது வரை இருந்தார். இரண்டு மூன்று பேரை வைத்து விதி எழுத நான் தயாரில்லை. ஆனால் தரையிலிருந்து பளுவைத் தூக்கும் டெட்லிஃப்டில் வீம்புக்கு எடை ஏற்றும் நாளில் கோல்மனின் ஊன்றுகோல் எனக்கு நினைவுக்கு வருகிறது, அது நல்லது.

என் அனுபவம் குறையும் இடங்களையும் சொல்லிவிட வேண்டும். நான் போட்டி மேடை ஏறியதில்லை. இன்று மேடைக்குத் தயாராகிறவர் இன்றைய நடுவர்கள் எதற்கு மதிப்பெண் போடுகிறார்கள் என்று பார்த்தாக வேண்டும். 1977 முதல் 1979 வரை 85 கிலோவை ஒட்டிய எடையில் ஒலிம்பியா வென்ற ஃபிராங்க் ஸேனின் அளவான உடலை நான் எவ்வளவு ரசித்தாலும், அது அவருக்கு வழிகாட்டாமல் போகலாம். பெண்களுக்கு இந்த 25 என்ற எண் பொருந்தாது, அந்த ஆய்வு ஆண்களைப் பற்றியது. பவர்லிஃப்டிங் செய்கிறவர்களுக்கு வேறு வரலாறு உண்டு. அதில் நான் மாணவன். பழைய பயிற்சி நூல்களில் உணவைப் பற்றி இருப்பதில் பாதியை நான் பின்பற்றுவதில்லை. அங்கே புதிய ஆய்வின் பேச்சைத்தான் கேட்கிறேன்.

போன மாதம் 19 வயதுத் தம்பி ஒருவன் பம்ஸ்டெட்டின் படத்தைக் காட்டி, இரண்டு ஆண்டில் இப்படி ஆக முடியுமா என்று கேட்டான். உயரம் 170 சென்டிமீட்டர், எடை 66 கிலோ. கொழுப்பு 16 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டோம்: 19.2. அதே உயரத்தில், மருந்து இல்லாமல், கொழுப்பு 10 சதவீதமாக இருக்கும்போது எல்லை 78 முதல் 80 கிலோ வரை வரும் என்றும் போட்டுப் பார்த்தோம். முகம் வாடிவிடுமோ என்று பயந்தேன். "அப்படியானால் இன்னும் 12 கிலோ இருக்கிறதா அண்ணா?" என்றான். அவன் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இப்போது 19.2 என்று எழுதி, கீழே 2 ஆண்டுக்கான இலக்காக 21 என்று போட்டிருக்கிறான். பக்கத்தின் அடியில் 25 என்று கோடு கிழித்து, அதன்மேல் ரீவ்ஸின் பெயரை எழுதியிருக்கிறான்.