படம் மாறவில்லை, ஸ்கீமா மாறிவிட்டது

யுஎம்எல் கிளாஸ் படத்தை (தரவின் வகைகளைப் பெட்டிகளாகவும் உறவுகளைக் கோடுகளாகவும் காட்டும் மாடல்) வரைந்து கொடுத்தால் எக்ஸ்எஸ்டியை, அதாவது எக்ஸ்எம்எல் கோப்பில் எது எங்கே வரலாம் என்று விதிக்கும் ஸ்கீமாவை, தானே எழுதித் தரும் கருவியை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அப்படி ஒன்றோடு பல வருடங்களாகக் குடித்தனம் நடத்துகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். கருவியின் பெயர் வேண்டாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். படத்தின் கிளாஸ் ஸ்கீமாவில் காம்ப்ளெக்ஸ்டைப் ஆகும், கிளாஸின் ஆட்ரிபியூட் (பண்பு) எலிமென்ட் ஆகும், எத்தனை வேண்டுமானாலும் வரலாம் என்பதற்கு 0..* என்று போட்டால் மின்அக்கர்ஸ் 0, மேக்ஸ்அக்கர்ஸ் அன்பவுண்டட் என்று வரும். இதிலெல்லாம் ஒருநாளும் சறுக்கியதில்லை. எதிர்பாராமல் பிடித்துப்போனது எனுமரேஷன், அதாவது அனுமதிக்கப்பட்ட மதிப்புகளின் பட்டியல். ஆர்டரின் நிலைகளுக்கான பட்டியலில் புதிதாக ஒரு மதிப்பைச் சேர்த்தால் போதும், அதைப் பயன்படுத்தும் எல்லா ஸ்கீமாக்களிலும் வந்துவிடுகிறது. ஒவ்வொரு மதிப்புக்கும் மாடலில் எழுதிய விளக்கம் டாக்குமென்டேஷன் டேகுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. எக்ஸ்எஸ்டியைக் கண்டாலே ஒதுங்கிப்போகும் வணிகப் பிரிவு ஆட்கள், படத்தைப் பார்த்து "இது கட்டாயமில்லையே, 0..1 ஆக்குங்கள்" என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார்கள். கொடுத்த காசு அதற்கே சரியாகப் போயிற்று.

சரி, இப்போது வரிசை.

ஒரு கிளாஸின் பண்புகளில் எது முன்னால், எது பின்னால் என்பதற்கு யுஎம்எல்லில் பொருளே கிடையாது. எலிமென்ட்களை வரிசைப்படுத்தும் எக்ஸ்எஸ்டியின் சீக்வென்ஸ் அப்படியல்ல, ஒன்று இடம் மாறினாலும் கோப்பு செல்லாது. ஆக, மாடலில் யாரும் சொல்லாத ஒரு வரிசையைக் கருவிதான் எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். பெட்டிக்குள் எழுதிய பண்புகளை மேலிருந்து கீழாக எடுத்துக்கொள்கிறது. அதுவரை நியாயம். இரண்டு கிளாஸ்களை இணைக்கும் அசோசியேஷன் கோடுகளின் முனைகளை அவற்றுக்குப் பின்னால், எந்தக் கோடு முதலில் வரையப்பட்டதோ அந்தக் கணக்கில் அடுக்குகிறது.

எங்கள் ஆர்டர் கிளாஸிலிருந்து பில் முகவரிக்கு ஒரு கோடு, ஐட்டத்துக்கு ஒரு கோடு. குழுவில் ஒருவர், முகவரிக்குப் போகும் கோடு கோணலாக இருக்கிறது என்று அழித்துவிட்டு, அதே பெயரோடு நேராக வரைந்தார். மாடலில் வேறெதையும் தொடவில்லை. ஸ்கீமாவில் முகவரி ஐட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. புது ஸ்கீமா எதிர்முனைக்கு, அதாவது எங்கள் கோப்புகளை வாங்கும் நிறுவனத்துக்கு, போனதும், முந்தின நாள்வரை செல்லுபடியான கோப்புகள் திரும்பி வந்தன: ஐட்டம் இருக்க வேண்டிய இடத்தில் முகவரி இருக்கிறதாம். கருவியோ 'வெற்றிகரமாக உருவாக்கப்பட்டது' என்று பச்சை டிக் போட்டிருந்தது. எனக்கு எரிச்சல் அந்த டிக்கின் மேல்தான். பழைய ஸ்கீமா பக்கத்திலேயே கிடக்கிறது, ஒப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

ஒரு கிளாஸ் இன்னொன்றின் பண்புகளைப் பெறும் இன்ஹெரிட்டன்ஸில் இதே கதைதான், வேறு உருவத்தில். அதற்கு எக்ஸ்எஸ்டியில் இருக்கும் எக்ஸ்டென்ஷனில் தாய் வகையின் எலிமென்ட்கள் முதலில் வரும், பிள்ளையுடையவை அப்புறம். தாய் கிளாஸின் கடைசியில் ஒன்றைச் சேர்த்தால் அது எல்லாப் பிள்ளைகளுக்கும் நடுவில் போய் விழும்.

சீக்வென்ஸுக்குப் பதில், எந்த வரிசையிலும் வரலாம் என்னும் 'ஆல்' போட்டால் போயிற்று என்பீர்கள். 2001-இல் வந்த எக்ஸ்எஸ்டி 1.0-வில் 'ஆல்'லுக்குள் எந்த எலிமென்ட்டும் ஒரு தடவைக்கு மேல் வரக்கூடாது. அதை எக்ஸ்டென்ஷனால் வளர்க்கவும் முடியாது. 2012-இல் வந்த 1.1 இரண்டையும் தளர்த்தியது. ஆனால் கோப்பைச் சரிபார்க்கும் வேலிடேட்டர்களில் ஜாவாவோடு வருவது, டாட்நெட்டில் இருப்பது, லிப்எக்ஸ்எம்எல்2 எல்லாம் இன்னும் 1.0-விலேயே நிற்கின்றன. எதிர்முனையில் எது ஓடுகிறது என்பது நம் கையிலா இருக்கிறது?

நியாயமாகப் பார்த்தால் முழுப் பழியும் கருவிக்குப் போகாது. மாடலில் இல்லாததை அது எங்கே போய்த் தேடும்? ஆனால் புவியியல் தரவுக்காரர்கள் 2007-லேயே, ஐஎஸ்ஓ 19136 ஜிஎம்எல் தரத்தில் (புவியியல் தரவுக்கான எக்ஸ்எம்எல் வடிவம்), பண்புகளுக்கும் அசோசியேஷன் முனைகளுக்கும் 'சீக்வென்ஸ்நம்பர்' என்று ஒரு டேக் வைத்துத் தீர்வு சொல்லிவிட்டார்கள். என் கருவியிலும் அதே மாதிரி ஒரு வசதி உண்டு. செட்டிங்ஸுக்குள் செட்டிங்ஸ் என்று மூன்றாம் அடுக்கில், அணைத்து வைக்கப்பட்ட நிலையில். இதைப் படித்து நிதானமாக இருக்க முடிந்தால் நீங்கள் பெரிய மனிதர்.

ஏற்கெனவே இருக்கும் எக்ஸ்எஸ்டியை உள்ளே இழுக்கும் வசதியை ஒரே வரியில் முடித்துவிடுகிறேன்: இரண்டில் ஒன்று மட்டும் வர வேண்டும் என்னும் 'சாய்ஸ்' இரண்டு 0..1 பண்புகளாகிவிடும், திரும்ப ஸ்கீமா எடுத்தால் இரண்டும் சேர்ந்து வந்தாலும் ஒன்றுமே வராவிட்டாலும் செல்லும். எக்லிப்ஸ் இஎம்எஃப் என்ற மாடலிங் கருவி, மாடலில் இடமில்லாத எக்ஸ்எஸ்டி விவரங்கள் சிலவற்றை அனோட்டேஷனில், அதாவது மாடலோடு ஒட்டிய குறிப்பில், எழுதிவைத்துக்கொள்கிறது. முடியாத காரியம் ஒன்றுமில்லை.

இன்றைக்குக் கேட்டால் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். எனுமரேஷன், விளக்கங்கள், வணிகப் பிரிவு ஆட்கள் எல்லாம் உண்மைதான், அப்படியும் வேண்டாம். எக்ஸ்எஸ்டியைக் கையால் எழுதிவிட்டு அதிலிருந்து படம் எடுத்துக் காட்டுங்கள். இல்லை, வாங்கியே தீருவேன் என்றால், முதல் கிளாஸை வரையும் முன்பே அந்த மூன்றாம் அடுக்குக்குப் போய் வரிசை எண்ணை இயக்கிவிடுங்கள். 1, 2, 3 என்று போடாமல் 10, 20, 30 என்று இடைவெளி விட்டுப் போடுங்கள். உருவாகும் எக்ஸ்எஸ்டியை கிட்டில் (பழைய பதிப்புகளைக் காத்துவைக்கும் கருவி) வைத்து ஒவ்வொரு முறையும் டிஃப், அதாவது பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாடு, பாருங்கள், போன வாரத்துக் கோப்புகளைப் புது ஸ்கீமாவில் ஓட்டிப் பார்த்த பிறகே வெளியே அனுப்புங்கள்.